கற்கண்டு போலிருந்த கண்ணாடி

1

இந்தக் கதை என் வாய்க்குத் தப்பியது. அலை உருட்டித் தேய்த்த கண்ணாடித் துண்டுகள் ஒதுங்கும் கடற்கரை ஒன்றுக்குப் போயிருந்தேன். வெள்ளைத் துண்டு ஒன்றைக் கற்கண்டு என்று நினைத்து உதடுவரை கொண்டுபோய்விட்டேன். திண்டுக்கல்காரனுக்குக் கடலைவிடப் பழனிதானே பக்கம்! அன்று பிடித்த பயத்தை ஷைனி என்று ஒருத்தியின் தலையில் கட்டுகிறேன், பாவம்.

2

கடல் அன்று அமைதியாக (வேண்டாம். எல்லோரும் எழுதியாயிற்று.)

எங்கள் ஊர்ப் பக்கம் அகரத்து ஷைனி, மில்லில் கூட வேலை செய்யும் தோழிகளோடு அதே கடற்கரைக்குப் போனாள். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வெள்ளைத் துண்டுகளாகத் தேடிப் பொறுக்கினாள். சிலவற்றின் ஓரம் இன்னும் தேயவில்லை. ஒன்று விரலைக் கீறியது. ஆசை விடவில்லை. வீட்டுக்கு வந்து, கற்கண்டு தீர்ந்து காலியாக இருந்த பழைய பஞ்சாமிர்த டப்பாவில் கொட்டி, சமையல் அலமாரியில் வைத்தாள். மறுநாள் பங்குனி உத்திரம். சாவியையும் ஏழு வயது மகளையும் பக்கத்து வீட்டுப் பெருமாயி அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

3

பழனிக்கு நடக்க முடியாத வருடங்களில் பெருமாயி வீட்டிலேயே பஞ்சாமிர்தம் பிசைந்து தெருவுக்கெல்லாம் கொடுப்பார். கற்கண்டு குறைந்தால் ஷைனி வீட்டில் எடுத்துக்கொள்வார். இருவருக்குள்ளும் அது கேட்டுச் செய்கிற காரியமில்லை.

(பெருமாயிக்குக் கண் மங்கல் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். தெரிந்த டப்பா, தெரிந்த வெள்ளை. நல்ல கண்ணுக்கும் அது கற்கண்டுதான்.)

4

மாலையில் வந்த ஷைனி அலமாரியைத் திறந்தாள். டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் பெருமாயி, கையில் தூக்குவாளி.

"ஒன் கற்கண்டத்தேன் போட்டேன் ஷைனி. கடிபடவே மாட்டேங்குது, நல்ல சரக்கு."

"யாருக்கெல்லாம் குடுத்தீங்கக்கா?"

"தெருவுக்கே குடுத்துக்கிட்டு வாரேன். மொதக் கிண்ணம் ஒன் மகளுக்குத்தேன்."

மகள் உள்ளே கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

5

ஒரு முடிவு: மகள் எழுந்து, துப்பி ஒதுக்கிய துண்டுகளைக் காட்டுகிறாள்.

இன்னொரு முடிவு: மகள் எழுந்திருக்க (இதை எழுதமாட்டேன். என் வீட்டிலும் அந்த வயதில் ஒருத்தி இருக்கிறாள்.)

ஷைனி வாயைத் திறக்கிறாள். சத்தம் எழவில்லை. பெருமாயி அடுத்த வீட்டுக்குத் திரும்புகிறார். அங்கே பிள்ளைகள் கிண்ணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். நானும் பேனாவை நிறுத்துகிறேன். எனக்கு முடிவு தெரியாது. உங்களுக்காவது தொண்டை இருக்கிறதே, கொஞ்சம் கத்துங்கள். முன்னால் நிற்கும் பிள்ளை வாயில் போட்டுவிட்டது.