படியில் வைத்த அண்டா

முதலாளி குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போனது சித்திரை மூன்றாம் தேதி. சமையல்காரரும் கூடவே போய்விட்டார். சேலத்திலிருந்து மூன்று மைல் தள்ளி, மலை அடிவாரம் போகிற ரோட்டில் இருக்கிற அந்தப் பெரிய வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன். முதலாளி கண்ணுசாமி நூல் வியாபாரி. நான் அவர் கடைக் குமாஸ்தா. சொந்த ஊர் இராசிபுரம். கோடை முடியும் வரை பம்பு அறைக்குப் பக்கத்து அறையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சைக்கிளில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போவேன். அங்கே மாலை வகுப்பில் இங்கிலீஷும் கணக்கெழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் ஒரு பக்கமாவது எழுதுங்கள் என்று வாத்தியார் சொன்னதால்தான் நோட்டுப் புத்தகம் வாங்கினேன். வகுப்பில் பதினெட்டுப் பேர். மணி அடித்ததும் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். அந்தச் சித்திரையில் என் நோட்டில் நான்கு பக்கங்களில் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது: இன்று யாரோடும் பேசவில்லை.

பிறகு கருப்பண்ணன் மேஸ்திரி வந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தொட்டி உண்டு. மதராஸில் யாரோ துரை வீட்டில் பார்த்துவிட்டு முதலாளி கட்டியது. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஐந்தடி ஆழம். கட்டி இரண்டு வருஷத்தில் சுவரில் வெடிப்பு விட்டது. ரொப்பினால் நான்கு நாளில் தண்ணீர் பாதிக்குப் போய்விடும். அதைப் பழுது பார்க்க மோகனூரிலிருந்து கருப்பண்ணனைக் கூப்பிட்டிருந்தார். வாய்க்கால் மதகு, கிணற்றுத் தொட்டி எல்லாம் பூசிப் பழகிய கை. பேசியது நூற்று அறுபத்தைந்து ரூபாய். அறுபது முன்பணம். மீதி நூற்றைந்து, தொட்டியை ரொப்பி ஏழு நாள் பார்த்து, ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு. ஒழுகினால் மேஸ்திரி தன் செலவில் திருப்பிப் பூச வேண்டும். பத்திரம் எழுதியது நான்தான்.

அவருடன் ஓர் ஆளும், சாந்து கலக்கச் சின்னாயி என்ற பெண்ணும் வந்தார்கள். பதினோரு நாள் வேலை நடந்தது. மத்தியானம் வேப்ப மரத்தடியில் சாப்பிடும்போது என்னையும் கூப்பிடுவார்கள். நான் ஹோட்டலில் வாங்கி வந்த சோற்றைப் பிரிப்பேன். சின்னாயி தன் களியில் ஒரு துண்டு எடுத்து என் இலையில் வைப்பாள்.

"ஏஞ்சாமி, இந்த ஓட்டல் சோத்தத் தின்னுதான் இப்பிடி ஒடக்கானாட்டம் ஒல்லியா இருக்கறீங்களா?"

"அவரு படிக்கற புள்ள. நம்மளாட்டம் மம்புட்டி புடிக்கறதுக்கா ஒடம்பு?" என்பார் மேஸ்திரி.

"ராவும் பகலும் நோட்டுல எழுதறாரே, நம்மளப் பத்தித்தான் எழுதறாரோ என்னமோ."

"எழுதினா எழுதட்டுமே. உன்ற பேரு வேற எதுல வரப்போவுது?"

உண்மையில் நான் எழுதினேன். அந்தப் பதினோரு நாளில் நோட்டில் ஒரு நாளும் பக்கம் போதவில்லை.

வேலை முடிந்து தொட்டியை ரொப்பிய அன்று மேஸ்திரி என்னிடம் பெரிய பித்தளை அண்டா ஒன்று கேட்டார். அதைத் தொட்டிக்குள் இறங்கும் இரண்டாவது படியில் வைத்தார். மிதக்காமல் இருக்க உள்ளே இரண்டு கல் போட்டார். வெளியே தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்துக்கு அண்டாவுக்குள்ளும் ஊற்றினார். சுவரில் ஒரு கீறல், அண்டாவுக்குள் ஒரு கீறல்.

"இந்த வெயிலுக்குத் தண்ணி எறங்காம இருக்காதுங்க தம்பி. அண்டா எவ்வளவு எறங்குதோ அதே அளவு தொட்டியும் எறங்குனா, அது வெயிலு குடிச்சது. தொட்டி மட்டும் சாஸ்தியா எறங்குனா, அது ஒழுக்கு, என்ற கணக்குல வரும். தெனமும் ஒரே நேரத்துல அளந்து எழுதிருங்க. ஏழாம் நாளு வாரேன்."

அவர்கள் மூவரும் கேட்டைத் தாண்டிப் போனதும் வீடு பழையபடி ஆகிவிட்டது.

முதல் நாள் ஐந்து மணிக்கு அளந்தேன். இரண்டும் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, ஒன்றுபோலவே இறங்கியிருந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் அண்டா விளிம்பில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று உள்ளே இறங்கிச் சிறகை அடித்தது. எனக்குப் பதறியது. அண்டாவில் தண்ணீர் குறைந்தால் கணக்கு மேஸ்திரிக்குச் சாதகமாகப் போய்விடும். முதலாளி என்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். காக்கை குடித்ததை மேஸ்திரிக்கு வரவு வைக்க முடியாது. அண்டாவைக் காலி செய்தேன். தூக்கிக்கொண்டு போய்ப் பம்பு அறைத் தாழ்வாரத்தில் வைத்து, கற்களைப் போட்டு, முந்தின நாள் அளவுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினேன். அங்கே காக்கை வராது. "காக்கைத் தொல்லையால் அண்டா தாழ்வாரத்துக்கு மாற்றப்பட்டது" என்று தேதி போட்டு எழுதி, கீழே கோடும் இழுத்தேன். நல்ல குமாஸ்தா செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் தொட்டி இரண்டேகால் அங்குலம் இறங்கியிருந்தது. அண்டா ஒரே ஒரு அங்குலம்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. அவர்கள் திரும்ப வருவார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

மேஸ்திரி வந்தார். நோட்டை வாசித்துக் காட்டினேன். எண்களை மட்டும்தான் வாசித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. குனிந்து, தண்ணீருக்கு மேலே தெரிந்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணேகால் அங்குலமுங்களா?"

"ஆமாங்க மேஸ்திரி. இரண்டு தடவை அளந்து பார்த்தேன்."

"தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும். நானும் பூசின கையோட ஒவ்வொரு மொழமும் தட்டித்தான் பாத்தேன். எங்க உட்டேன்னு தெரியலியே."

முதலாளிக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: ஒழுக்கு நிற்கும் வரை ஒரு காசு கொடுக்க வேண்டாம். மேஸ்திரி தொட்டியைக் காலி செய்துவிட்டு உளியை எடுத்தார். சுண்ணாம்பும் சிமெண்டும் கடனுக்கு வாங்கி வந்தார். ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாது என்று ஊருக்கு அனுப்பிவிட்டார். சின்னாயி மட்டும் கூலி பிறகு வாங்கிக்கொள்வதாக இருந்தாள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாததால் தெற்குச் சுவரில் தொடங்கி ஓரமாகக் கொத்திக்கொண்டே வந்தார்கள். இறுகிப்போன பூச்சில் உளி பட்டுப் பொறி பறந்தது.

"இந்தக் கல்லாட்டம் இருக்கற பூச்சுல எங்க சாமி தண்ணி போவுது?" என்றாள் சின்னாயி. "எறும்பு போறதுக்கே சந்து இல்லையே."

மேஸ்திரி கொத்திக்கொண்டே இருந்தார். இரவு முழுக்கத் தூங்காதவர் மாதிரி இருந்தார். மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் போனேன்.

இரண்டாம் நாள் காலை. நான் இரண்டு வேட்டிகளைத் துவைத்தேன். வெயிலில் கட்டியிருந்த கொடியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மற்றதைப் பம்பு அறைத் தாழ்வாரத்தில், அண்டா வைத்திருந்த அதே இடத்துக்கு மேலே போட்டேன். கணக்குப் பாடம் ஒன்று போட்டு முடிப்பதற்குள் கொடியில் கிடந்தது மொடமொட என்று காய்ந்துவிட்டது. தாழ்வாரத்து வேட்டியைத் தொட்டேன். ஈரம்.

கையை எடுக்காமல் அங்கேயே நின்றேன். மேஸ்திரி அண்டாவை ஏன் படியில், தண்ணீருக்குள்ளேயே வைத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. தொட்டி வெயிலில் கிடந்தது. அண்டாவை நான் நிழலில் உட்கார வைத்திருந்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள், அண்டா படியில் இருந்த ஒரே நாள், இரண்டும் ஒன்றாக இறங்கியிருந்தன. ஏழு நாளும் என் கண் முன்னால் இருந்த வரி அது.

தோட்டத்தில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரே அளவான இரண்டு சொம்புகளை எடுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றைத் தாழ்வாரத்திலும் வைத்தேன். ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை தவறாக எழுதியாகிவிட்டது. இரண்டாம் தடவை உறுதி இல்லாமல் சொல்லக் கூடாது. இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அன்று மத்தியானமும் வேப்ப மரத்தடியில் அவர்களோடு சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வெயில் சொம்பு, நிழல் சொம்பைப்போல மூன்று மடங்கு இறங்கியிருந்தது. அதற்குள் கிழக்குச் சுவர் முழுவதையும் கொத்தி முடித்திருந்தார்கள்.

தொட்டிக்குள் இறங்கிப்போய்ச் சொன்னேன். காக்கை, தாழ்வாரம், வேட்டி, சொம்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். வெட்டிப் போட்ட பூச்சில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"நேற்றுக் காலையில்."

"நேத்துக் காத்தால." அவர் கிழக்குச் சுவரைப் பார்த்தார். "நேத்துக் காத்தால இந்தச் செவுரு முழுசா இருந்துதுங்களே."

"உறுதியாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று..."

"காக்காய்க்குக் கணக்கு எழுதத் தெரிஞ்சுது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல" என்றாள் சின்னாயி. அவள் குரலில் கேலி இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. முதலாளிக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பூச்சு முதலிலேயே சரியாக இருந்தது, தவறு என்னுடையது, நூற்றைந்து ரூபாயையும் இடித்ததற்கான செலவையும் மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பதில் நான்கு வரி. நீ முதலில் எழுதியதை நம்புவதா, இப்போது எழுதியதை நம்புவதா? பூசி முடித்ததும் மறுபடி ஏழு நாள் பார்க்கட்டும். ஒழுகாவிட்டால் பத்திரப்படி நூற்றைந்து கொடு. இடித்த செலவு எனக்குச் சம்பந்தம் இல்லை.

அதை மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். முதலாளியோடு சண்டைக்குப் போகிறவர் இல்லை. அதே முதலாளியின் சிநேகிதர்கள் வீடுகளில் அவருக்கு வேலை வேண்டும்.

இரண்டு சுவர்களையும் பூச ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் மத்தியானம் அவர்கள் தொட்டிக்குள்ளேயே, சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் அறையில் சாப்பிட்டேன். கூப்பிட்டால் போகலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

மறுபடி தொட்டி ரொம்பியது. அண்டா மறுபடி இரண்டாம் படியில் உட்கார்ந்தது. இந்தத் தடவை மேஸ்திரி என்னிடம் அளக்கச் சொல்லவில்லை. சின்னாயி கையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கொடுத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தொட்டி ஓரத்தில் உட்காரவைத்தார். காக்கை வந்தால் அவள் கல் எறிவாள். சாயங்காலம் குச்சியை அண்டாவில் விட்டு நகத்தால் கீறிக்கொள்வாள். பிறகு அண்டாவுக்குப் பக்கத்தில் அதே படியில் ஊன்றி, தொட்டித் தண்ணீரோடு ஒத்துப் பார்ப்பாள். அவளுக்கு அங்குலம் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை.

ஒரு நாள் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒன்றாக இருக்கிறதா?"

"இருக்குதுங்க."

"தண்ணீர் ஏதாவது குடிக்கிறாயா?"

"வேண்டாமுங்க."

சாமி என்று அவள் சொல்லவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஏழாம் நாள் குச்சியில் ஏழு கீறல்கள். அண்டாவுக்கும் தொட்டிக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. நூற்றைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்து மேஸ்திரியின் கைநாட்டு வாங்கினேன். இடித்துப் பூசியதற்குச் சாமான் கடன் இருபத்தெட்டு, சின்னாயி கூலி ஏழு, ஆக முப்பத்தைந்து என்று அவரே வாய்க்கணக்காகச் சொல்லியிருந்தார். அவர் உழைப்பை அதில் சேர்க்கவில்லை. என் சம்பளம் மாதம் பதினான்கு ரூபாய். முதல் தவணையாக ஐந்து ரூபாயைத் தனியாக நீட்டினேன். மாதாமாதம் ஐந்து, ஏழு மாதம் என்றேன்.

வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லுவார் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. சொல்லியிருந்தால் தம்பி என்றும் கூடவே சொல்லியிருப்பார்.

அவர் வாங்கி, மற்ற பணத்தோடு சேர்க்காமல் வேட்டி முனையில் தனியாக முடிந்துகொண்டார்.

"மணியார்டருல அனுப்பிருங்க கணக்குப்பிள்ளை. மோகனூர் போஸ்டாபீசுக்குப் போட்டா வந்துரும்."

"நானே கொண்டுவந்து கொடுக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை."

"எதுக்குங்க பஸ் சத்தம்னு காசு வேற தெண்டம்? மணியார்டரே போதுமுங்க."

கேட்டைச் சாத்தும்போது சின்னாயி ஒரு தடவை திரும்பித் தொட்டி இருந்த பக்கம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் ஆகிறது. முதலாளி இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது. சொம்புகள் வைத்த அந்த ஒரு நாளை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். உறுதி வேண்டித்தான் காத்திருந்தேனா, இல்லை, இன்னும் ஒரு மத்தியானம் அந்த மரத்தடியில் உட்கார வேண்டும் என்று காத்திருந்தேனா? நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே சொம்புகளின் அளவு மட்டும் எழுதியிருக்கிறது. அன்று சின்னாயி என் இலையில் களி வைத்ததும் எழுதியிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

அண்டாவை இன்னும் படியிலிருந்து எடுக்கவில்லை. காலையில் காக்கைகள் வந்து அதில் குடிக்கின்றன. நான் விரட்டுவதில்லை. நேற்று மோகனூருக்கு இரண்டாவது ஐந்து ரூபாய் அனுப்பினேன். மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அவருக்கு யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும். வெகுநேரம் யோசித்துவிட்டு, தொட்டி ஒழுகவில்லை என்று மட்டும் எழுதினேன்.