மாமியார் அறைக்கு ஒரு கணக்கு

வால்யேவோ ஊரில் பாதி வீடுகளுக்கு வெப்பக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் மிலோயே. எந்தச் சுவர், எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு சூடு வெளியே ஓடும், அதை ஈடுகட்ட எத்தனை பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்று சொல்வதுதான் அவன் பிழைப்பு. மாமியார் தெசாங்காவுக்கு மட்டும் அவன் காகித இன்ஜினியர்.

"உன் புருஷன் கட்டுற ரூம்ல நான் விறைச்சுத்தான் சாகணும்" என்று மகளிடம் சொன்னதை ஊர் முழுக்கவும் சொல்லி வைத்திருந்தாள். ஆனாலும் மகள் துஷித்சா நிறைமாதக்காரி. பிரசவத்துக்கு அம்மா கூட இருக்க வேண்டும் என்று அழுதாள். "சரி, வரேன். ரூம் சரியில்லன்னா உங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று இறங்கி வந்தாள் தெசாங்கா.

மாமியாருக்கென்று கட்டும் புது அறைக்கு மிலோயே வீம்போடு கணக்குப் போட உட்கார்ந்தான். ஜன்னல்காரர் அளவை மில்லிமீட்டரில் கொடுத்திருந்ததால், கணினியில் நீள அளவுக்கு மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தான். சுவர் எவ்வளவு தடிமன் என்றதற்குக் கொத்தனார் "முப்பத்தெட்டு" என்றிருந்தார். கொத்தனார்கள் வாயில் எப்போதும் சென்டிமீட்டர்தான் வரும். அது மிலோயேவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் மாமியார் வாயடைத்து நிற்கும் காட்சியை நினைத்துப் பூரித்துக்கொண்டே, அளவை மாற்றாமல் 38 என்று தட்டிவிட்டான். ஒரு சுவரையே அடைக்கும் ரேடியேட்டர் வந்து இறங்கியது.

டிசம்பரில் வந்த தெசாங்காவுக்கு அறை ரொட்டி அடுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் மிலோயே தன் தவறைக் கண்டுபிடித்தான். ரேடியேட்டர் குமிழைத் திருகிச் சூட்டைக் குறைத்தால் விஷயம் வெளியே வந்துவிடும். அப்படியே விட்டுவிட்டான், வீம்பு பிடித்த மடையன்.

"எப்படி இருக்கு அத்தை?"

"ஒரு குறையுமில்ல மாப்ளே" என்றாள் தெசாங்கா. முகவாயில் வியர்வை சொட்டியது. விறைத்துச் சாவேன் என்று ஊரெல்லாம் சொன்னவள் புழுங்குகிறது என்று சொல்வாளா?

"ஜன்னலையாவது திறம்மா" என்றாள் துஷித்சா.

"அடியே, கதவும் ஜன்னலும் எதிரெதிர இருக்கு! குறுக்குக் காத்து அடிச்சா வாய் கோணிக்கும்!"

மறுநாள் காலை பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். "உங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"குளிருதாம்மா?"

"குளிருதுன்னு யாருடி சொன்னா? அங்க உங்க அண்ணி கஞ்சத்தனமாத்தான் ஹீட்டர் போடுவா. எனக்கு அது போதும்."

துஷித்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். மிலோயேவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அத்தை, தப்பு என்னோடது. சென்டிமீட்டருக்கு மாத்தாம மில்லிமீட்டர்லயே விட்டுட்டேன். உங்க சுவர் இவ்வளவுதான்னு கணக்காயிடுச்சு" என்று இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினான். பிறகு போய்க் குமிழைப் பாதிக்குத் திருகினான்.

தெசாங்கா சுவரைப் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு விரக்கடைச் சுவருக்குப் பின்னால என்னைப் படுக்க வைக்கலாம்னு கணக்கு போட்டிருக்கே!"

"நான் இல்ல அத்தை, கம்ப்யூட்டர்..."

"வாயை மூடு. துஷி, எந்திரி, பெட்டியைப் பிரி. இவன் தொட்டிலுக்கு அளவெடுக்கும்போது நான் இங்க இருந்தே ஆகணும்."