கிணற்றின் மேல் போன கோடு

பேராசிரியர் போன திங்கட்கிழமை கேட்ட கேள்வி பாண்டுரங்கனோடு சென்னையில் ரயிலேறி, திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரத்தில் பஸ் மாறி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து மாமனார் வீடுவரை வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மேனிஃபோல்டு என்பது வளைந்த இடம் ஒன்றைத் துண்டு துண்டாகத் தட்டைத் தாள்களில் வரைந்து வைப்பது, அட்லஸ் மாதிரி. அதுவரை அவனுக்குப் புரிந்திருந்தது. தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டிக் கரும்பலகையில் அழகாகவே வரைந்தான். “ஓரத்தில் நிற்பவன் எந்தத் தாளில் நிற்கிறான்? அங்கிருந்து அடுத்த தாளுக்கு எப்படிப் போவான்?” என்று பேராசிரியர் கேட்டதும் திருதிருவென்று விழித்தான். நாளைக் காலை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு. அதிலும் விழித்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து மச்சான்கள் பாகம் பிரிக்கிறார்கள். கணக்குப் படித்த மாப்பிள்ளை இருக்க வெளியாள் எதற்கு என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். எம்.ஏ. முடித்ததிலிருந்து அவன் ஒழுங்காக ஒரு கூட்டல்கூடப் போட்டதில்லை என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

பெரியவர் பச்சைமுத்து, அப்பா காலத்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றால் தென்மூலைப் பனையிலிருந்து அளந்திருந்தார். சின்னவர் சுப்பராயலு, விழுப்புரத்தில் வாங்கிய புது மீட்டர் டேப்பால் வடமூலைக் கல்லிலிருந்து. இருவரும் முகம் பார்த்துப் பேசி நாலு மாதம். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் ரயிலும் போய்விடும். பாண்டுரங்கன் பரபரவென்று இரண்டு தாளை ஓரத்தோடு ஓரம் வைத்து, ஆளுக்கொன்றாக நிலத்தை வரைந்தான். நடுவில் கிணறு வந்தது. ஸ்கேலை வைத்து அதன் மேலேயே கோட்டை இழுத்துவிட்டான், பாதி இவருக்கு, பாதி அவருக்கு என்று.

காபி கொண்டுவந்த அவன் மனைவி அம்சா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, கெணத்து மேல கோடு போட்டுக்கினு இருக்கீங்க? கெணறும் வாய்க்காலும் எப்பவும் பொதுங்க. ரெண்டு பேரு பத்திரத்துலயும் முழுசா இருக்கும். ஒரு நாளு பெரியண்ணன் மொறை, மறுநாளு சின்னண்ணன் மொறை.”

“ரெண்டுலயும் முழுசாவா?”

“பின்ன? பாதிக் கெணத்துல யாரு தண்ணி எறைப்பாங்க?”

பாண்டுரங்கன் காபியை மறந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவனுடையது என்று கேட்டு வளர்ந்தவன் அவன். ஒரே இடம் இரண்டு பேர் தாளில் வந்தால் கோர்ட்டுக்குப் போவார்கள் என்றுதான் அவனுக்குத் தெரியும். ஆனால் அட்லஸில் தாளும் தாளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் ஆகவேண்டும். பெரியவர் தாளில் கிணறு பனையிலிருந்து இருநூற்றுப் பத்து அடி. சின்னவர் தாளில் கல்லிலிருந்து எழுபத்து மூன்று மீட்டர். நிலத்தின் மொத்த நீளம் நானூற்று ஐம்பது அடியிலிருந்து இவர் அளவைக் கழித்து மீட்டராக்கினால் அவர் அளவு வந்துவிடுகிறது. பொதுவான இடம் முழுக்க அந்த மாற்றம் எங்கும் முறியாமல், மடங்காமல் போக வேண்டும், திரும்பியும் வரவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தோம் என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

இரண்டு தாளிலும் கிணறு முழுசாக வரும்படி புதிதாக வரைந்து நீட்டினான். பச்சைமுத்து தன் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். தம்பியின் தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

“கெணறு என்னுதுலதான் முழுசா கீதே மாப்ள. அவன் தாள்ல இன்னாத்துக்கு?”

“ரெண்டும் ஒரே கெணறுதான் மச்சான்.”

“ஒண்ணுதான்னா ஒரு தாள்ல இருந்தா போதாதா?” என்றார் சுப்பராயலு, அண்ணனைப் பார்க்காமல். “எங்கிட்ட அளவு கீது. ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்துட்டு நீங்க பஸ் ஏறிடுவீங்க. அப்பறம் சண்டை எங்களுக்குத்தான்.”

பெரியவர் கைநாட்டு வைக்க மறுத்தார், சின்னவர் பேனாவைத் தொடவில்லை. மணி ஐந்து. பாண்டுரங்கன் ரோட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். இவர்கள் இருவரையும் ஒப்ப வைக்க முடியாதவன் நாளைக்கு அங்கே போய் என்னத்தைச் சொல்வது?

“வாங்க, இன்னொரு தபா அளந்துடலாம்.”

பச்சைமுத்து பனையடியிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுப்பராயலு கல்லிலிருந்து டேப்பை வைத்து வைத்து எதிரே வந்தார். இருவரும் தலை நிமிரவில்லை. ரோட்டுப் பக்கம் ஐந்தரை மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வரப்பில் பையோடு நின்ற அம்சா அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. இரண்டு பேரும் குனிந்து, கிணற்று விளிம்பில் ஒரே கல்லின் மேல் கை வைத்தார்கள், பெரியவர் விரல்மேல் சின்னவர் விரல் பட. யாரும் முதலில் கையை எடுக்கவில்லை.