சுனில்டா ஊற்றிய தெரெரே

எங்கள் பராகுவே நாட்டு என்கார்னாசியோனில் நான்கு நாட்டுக் கூட்டமைப்பின் மக்கள் மாநாடு கூடியபோது, பாலம் தாண்டிச் சரக்குச் சுமக்கும் எங்களையும் பேச அழைத்தார்கள், கண்ணுகளா! எங்கள் சார்பில் சுனில்டா பேசுவதாக ஏற்பாடு. கேட்கப்போவது இதுதான்: சோதனைச் சாவடியில் நடந்து வருகிறவர்களுக்குத் தனி வரிசை, மேலே ஒரு கூரை. போன கோடையில் அந்த வெயிலில் நின்றுதான் அவள் மகளுக்கு வயிற்றுப் பிள்ளை கலைந்தது. அன்று மாலைக்குள் தீர்மானத்தில் ஏறாவிட்டால் அடுத்த கூட்டம் பிரேசிலில். அவ்வளவு தூரம் நாங்கள் எங்கே போவது?

அவள் முறை வந்தது. எங்கள் குவரனி மொழியை ஸ்பானியத்தில் மொழிபெயர்க்க வேண்டியவர் வரவில்லை. வேறு யாரும் மொழிபெயர்க்க விதியில்லையாம்.

"ஸ்பானியத்துல பேசுங்கம்மா," என்றார் தலைவர் எச்செவெரி.

வெங்காயம் விற்கும் அளவுக்கு அவளுக்கு ஸ்பானியம் தெரியும். பிள்ளை போன கதையை அதில் சொல்ல வரவில்லை. ஒலிவாங்கியை விட்டு விலகினாள்.

"சரி, கடைசியில பார்க்கலாம்," என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

மதியத் தூக்கத்துக்கு அரங்கத்தைப் பூட்டினார்கள். நாங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்தோம். சுனில்டா புதினாவை நசுக்கிக் குளிர்ந்த நீரில் போட்டு, அதை மாத்தே இலைத்தூளில் ஊற்றித் தெரெரே கலந்து, முதல் குவளையை வழக்கப்படி தானே குடித்தாள். புழுக்கத்தில் தூக்கம் வராமல் எச்செவெரி எங்கள் பக்கம் வந்தார்.

"ஏடி, வர்றாரு பாரு!" என்று அவளை இடித்தேன்.

"வரட்டும்க்கா. ஊத்துறது நான்தானே!"

உறிஞ்சுகுழல் செருகிய கொம்புக் குவளையை அவர் கையில் கொடுத்தாள். வாங்கினால் அடிவரை உறிஞ்ச வேண்டும். பாதியில் திருப்பினால் அவமானம். அவர் உருகுவே நாட்டு மாந்தெவிதேயோக்காரர். அதே இலையைச் சூடாகக் குடித்தாலும் அவர்களுக்கும் அதே முறைதான். அவர் உறிஞ்ச ஆரம்பித்ததும் இவள் குவரனியில் மகள் கதையை ஆரம்பித்தாள். அக்கரையில், அர்ஜென்டினாவின் பொசாதாஸில் காய்கறிக் கடை வைத்திருக்கும் எங்கள் கூட்டாளி கில்லெர்மினா அதை ஸ்பானியத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆனா அம்மா, விதிப்படி..."

"குழல வாயில வச்சுக்கிட்டுப் பேசாதீங்க தலைவரே. குடிங்க!"

எல்லோரும் சிரித்தோம். எங்களுக்கு ஒரு சுற்று முடிந்து அவர் மறுபடி வாய் திறந்தார். உடனே நிறைந்த குவளை அவர் கைக்கு வந்தது. அதற்கடுத்த முறை அவராகவே கேட்டார்:

"உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"அதே வரிசையிலதான் நிக்கிறா."

அவர் தலை குனிந்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார்.

"சாயந்தரம் மேடைக்கு வாங்க. குவரனியிலேயே பேசுங்க, இவங்க மொழிபெயர்க்கட்டும்."

"விதி விடுமா?"

"நான்தானே தலைவர்!"

"அப்போ காலையில யாரு தலைவரு?"

அவர் முகம் தக்காளியாய்ச் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

மாலையில் சுனில்டா பேசினாள். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன: எங்கள் ஆட்கள், அர்ஜென்டினாக்காரர்கள், உருகுவேக்காரர்கள், கடைசியாக, அம்மாடி, பிரேசில் வரிசை மொத்தமும்! தனி வரிசையும் கூரையும் தீர்மானத்தில் ஏறின. நான் நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன்.

"இறங்குக்கா, விழுந்து தொலைக்காத!" என்று ஒலிபெருக்கியிலேயே அதட்டினாள் சுனில்டா.

கில்லெர்மினா அதையும் சிரத்தையாக ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தாள்.