மெஷினுக்கும் குளிரும்

எங்கள் தூத்துக்குடியில் மட்டும் புகைபோக்கிகள் இல்லையா என்ன? இருந்தன. ஆனால் உச்சி சாய்ந்தால் கடற்காற்று வரும், இருட்டினால் கரைக்காற்று திரும்பும். இரண்டும் மாறி மாறித் துடைத்துவிட்டுப் போகும். என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்த இந்த ஓசூரில் அந்தப் பேச்சே கிடையாது. மேட்டு ஊர் என்று பெயர்தான், எங்கள் காலனி இருப்பதோ ஏரிக்கரைப் பள்ளத்தில். கார்த்திகை பிறந்தால் விடியற்காலைக் குளிர் பானைக்கு மூடி போட்ட மாதிரி மேலே உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரியில் உலை மூட்டுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். மேலே போக வழியில்லாத புகை என் வீட்டு ஜன்னலில் நுழைந்து, என் மகள் தர்ஷினியின் நெஞ்சில் குடியேறும். யுகேஜி படிக்கிற பிள்ளை, ஒரு வார்த்தை பேச நின்று நின்று மூச்சு வாங்குவாள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பனிக்காலம் முடிகிறவரை வெயில் ஏறிய பிறகு உலையை மூட்டச் சொல்லுங்கள். இதற்காக நடந்த நடைக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையே போயிருக்கலாம். கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி இரங்கினார்.

"காத்துல எவ்ளோ மாசுன்னு அளக்கற மெஷின் வெக்கிறோம்மா. நம்பர் இருநூறத் தாண்டட்டும், அன்னிக்கே பவுண்டரிக்கு ஆர்டர் போடறேன்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு மெஷினை ஏற்றினார்கள். உச்சியில் காற்றை உறிஞ்ச ஒரு சின்ன வாய். கீழே, எல்லோரும் பார்க்க எண் ஓடும் பலகை. வைத்த அன்றே நூற்று எண்பதைக் காட்டியது. மார்கழி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மார்கழி வந்தது. தர்ஷினி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாள். விடிந்ததும் பலகையைப் பார்க்க ஓடினேன். பதினொன்று என்று இருந்தது.

காலனிச் சங்கத் தலைவர் சின்னராஜ் லட்டு வாங்கிக் கொடுத்தார். எங்கள் காற்றுதான் சுத்தமான காற்று என்று செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கார் காராக மூச்சு விட வந்தார்கள். வந்தவர்கள் ஏ.சி. போய்விடக்கூடாது என்று இன்ஜினை அணைக்காமல் வைத்துக்கொண்டே கம்பத்தடியில் பிராணாயாமம் செய்தார்கள். அப்போதும் எண் ஏறவில்லை.

அதிகாரியிடம் போய் அழுதேன்.

"என் புள்ள ரா முழுக்க இழுக்கா சார். நம்பர் பொய் சொல்லுது."

"மெஷின் ஏம்மா பொய் சொல்லுது? ஒண்ணு பண்ணுங்க, பாப்பாவக் கொண்டாந்து மெஷினாண்ட உக்கார வைங்க. அங்கதான் காத்து நல்லாருக்குது."

பெற்ற மனசு கேட்கிறதா? கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். சும்மா இருந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்தேன். மெஷினைச் சுற்றிச் சாக்கு. அதன் வாயில் இழுத்து மாட்டிய காப்பிக் கலர் குரங்குக் குல்லா.

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கெடுத்த கதை! தொட்டிக்குக் காவல் இருக்கும் திம்மப்பனைப் பிடித்து உலுக்கினேன்.

"நாந்தாம்மா போட்டேன்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "எங்க ஊட்ல மார்கழியில கன்னுக்குட்டிக்கே சாக்கு கட்டுவோம். இது பாவம், வாயத் தொறந்துக்கினு மேல நிக்குது. பனி வுழுந்தா சளி புடிக்காதா?"

"என் புள்ளைக்கு இழுக்குதே, அது ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?"

"பாப்பாவுக்கு நீ இருக்கற. மெஷினுக்கு யாரும்மா இருக்கறாங்க?"

ஏணி வைத்து அவரையே ஏற்றிக் கழற்ற வைத்தேன். பலகையில் எண் மளமளவென்று ஏறி முந்நூறைத் தாண்டியது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தம். புகை அதிகம் என்று சந்தோஷப்பட்ட பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன் போட்டதும் அதிகாரி பறந்து வந்தார். பின்னால் சின்னராஜும் பாதிக் காலனியும். அதிகாரி பலகையைப் பார்த்தார், திம்மப்பன் கையிலிருந்த குல்லாவைப் பார்த்தார்.

"யாரு கழட்டுனது?"

"நான்தான் சார். இருநூறு தாண்டிட்டு. ஆர்டர் போடுங்க."

"இத்தன நாள் ஒழுங்கா ஓடுன மெஷினக் கெடுத்து வெச்சிட்டு ஆர்டரா? சுத்தமான காத்துக்கு விருது குடுக்க வர்றாங்கம்மா. யோவ், ஏறி மாட்டுய்யா."

திம்மப்பன் ஏறினார். நல்ல காரியம் செய்கிறவர் முகத்தோடு குல்லாவை மாட்டி, காதுப் பக்கத்தையும் இழுத்துவிட்டார். எண் இறங்க இறங்கக் கூட்டம் கைதட்டியது. நாற்பதுக்கு வந்ததும் எண் நின்றுவிட்டது. எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் தர்ஷினிக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை.

சின்னராஜ் திரும்பினார். "பார்வதியம்மா, பாப்பாவக் கொஞ்சம் அந்தாண்ட கூட்டிட்டுப் போங்க. இருமி இருமி நம்பர எறங்க வுடமாட்டேங்குது."

அதிகாரி ஆமாம் என்று தலையாட்டினார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் பிள்ளையை ஏதோ புகைபோக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவள் என் காதருகே வாயை வைத்தாள்.

"அம்மா... நான் வேணா... மூச்ச... அடக்கிக்கிடட்டா?"



"நீ நல்லா விடு தாயி. எவனுக்காகவும் அடக்காத" என்றேன்.