கரை தொடாத கப்பல்

பீ கியோக் அதுவரை கப்பலில் போனதே இல்லை. புலாவ் உபின் தீவுக்கு விசைப்படகில் போய்வந்ததைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டால் அவளே சிரித்துவிடுவாள். அதனால், கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆனதற்குக் கப்பல் பயணம் போகலாம் என்று புருஷன் தெக் ஹுவா சொன்னதிலிருந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டே அவனைத் துளைத்தெடுத்தாள்.

"ரூம் எங்க எடுக்கறது? மேலயா, கீழயா?"

"நடுவுல எடுக்கணும் கியோக். முன்பக்கம் எடுத்தா ஆட்டி எடுத்துடும், பின்பக்கம் எடுத்தா இன்ஜின் உறுமும். சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழ மட்டும் எடுக்கவே கூடாது. விடியறதுக்கு முன்னாடியே நாற்காலிய இழுக்க ஆரம்பிச்சிடுவானுங்க."

"ஜன்னல் இல்லாத ரூம் மலிவாமே. மார்க்கெட்ல மீன்காரி சொன்னா."

"மலிவுதான். பகலா ராத்திரியான்னு தெரியாம உள்ள கிடக்கணும், உனக்கு மூச்சு முட்டும். நான் பால்கனி வச்சதே போட்டுட்டேன். ஏதோ சலுகையாம், கொறச்சலா கிடைச்சுது."

"எந்தெந்த ஊர்ல நிக்கும்? பினாங்கு போகுமா?"

"எங்கயும் நிக்காது. நடுக்கடல்ல சுத்திட்டு நேரா இங்கயே வந்துடும். ஊர்ல எறங்குனா வெயில்ல நடக்கணும், படி ஏறணும். உன் முட்டி தாங்குமா?"

அந்த ஒரு வார்த்தையில் பீ கியோக் உருகிப் போனாள். முட்டி வலி அவளுக்கு நேற்று வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பற்றிப் பேசியதெல்லாம், "தைலம் தீந்துடுச்சா?" என்ற அளவுக்குத்தான். அந்த மனுஷன் இப்போது தன் முட்டியை நினைத்து ஊர் ஊராக நிற்கும் கப்பலை வேண்டாமென்று தள்ளியிருக்கிறான். மறுநாள் மார்க்கெட்டில் மீன்காரி, டோஃபு கடைக்காரி, காபிக்கடையில் கோப்பை கழுவுகிறவள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினாள். முட்டி வலி கூட அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் உருகியதற்குக் காரணம் உண்டு. தெக் ஹுவா ஒரு காலத்தில் சூதாட்ட விடுதியே கதி என்று கிடந்தவன். மகளின் படிப்புக்கு வைத்திருந்ததையும் தொலைத்துவிட்டு வந்து நின்ற வருஷம், பீ கியோக் அழுதுகொண்டே அதற்கென்று இருக்கும் அரசாங்க ஆபீசுக்குப் போய், தன் புருஷனை உள்ளே விடக்கூடாது என்று குடும்பத்தின் பெயரில் தடை வாங்கினாள். அதன்பின் ஊரில் எந்தச் சூதாட்ட விடுதி வாசலிலும் அவன் கால் வைக்க முடியாது. அவனும் வைக்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலை, வீடு, டிவி என்று திருந்திய மனுஷனாகிவிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் வேலை இருந்தால் இரண்டு ராத்திரி தங்குவான். வரும்போது அவளுக்கென்று பிஸ்கட் டப்பா வாங்கிவருவான். கட்டின புருஷனை ஊர் அறியத் திருடனைப்போல் எழுதிக் கொடுத்தோமே என்ற உறுத்தல் மட்டும் அவளுக்குள் ஆறவேயில்லை.

இந்தச் சீனப் புத்தாண்டோடு அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அவள் அதைச் சொல்லிவிட்டாள்.

"திரும்பி வந்ததும் திங்கட்கிழமை அந்த ஆபீசுக்குப் போறேன் ஹுவா. தடையிலேர்ந்து உன் பேர எடுக்கச் சொல்லிடறேன். உன்னை இனிமே பூட்டி வைக்கறது நல்லாயில்ல."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்று ராத்திரி மனசு லேசாகித் தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

கப்பலில் அறை அவன் சொன்னபடியே நடுவில்தான் இருந்தது. ஆட்டமில்லை, சத்தமில்லை. ஆபத்துக்கால ஒத்திகைக்கு எந்தப் படியில் இறங்கினால் கூட்டம் குறைவு என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து எவ்வளவு படித்து வைத்திருக்கிறான் என்று வியந்துகொண்டே பின்னால் போனாள். கரை கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நேரத்தில், "ஒரு சுத்து சுத்திட்டு வரேன், நீ முட்டிய நீட்டிப் படு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவளுக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. மேல்தளத்துக்குப் போனாள். நிழலில் ஒரு மேஜையைச் சுற்றி அவள் வயசுப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு அடர்கறுப்புச் சாயம் பூசிய ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு தங்கச்சி, என்னைக் குவெக்னு கூப்பிடுவாங்க," என்றாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, முதல் தடவைதானே?"

"ஆமாக்கா. எங்க வீட்டுக்காரர்தான் எல்லாம் ஏற்பாடு பண்ணாரு. லிஃப்ட் வேலை பாத்தாரு, இப்ப ரிட்டையர் ஆயிட்டாரு."

"யாரு, லிஃப்ட் ஹுவாவா?" குவெக் விதையைக் கீழே வைத்தாள். "அடியே, நீதானா அது? கடல் காத்து பட்டாலே நீ வாந்தி எடுப்பியாமே. அதனாலதான் கூட்டிட்டு வரதில்லன்னு சொல்லுவான்."

மற்ற மூன்று பேரும் தலையாட்டிச் சிரித்தார்கள். பீ கியோக்கும் சிரித்தாள், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே.

"எப்ப சொன்னாரு?"

"எப்பன்னு கேட்டா? வரும்போதெல்லாம்தான். நாங்க அவனை எத்தனை வருஷமா பாக்கறோம். நல்ல மனுஷன், தோத்தாலும் கத்தமாட்டான்."

"எங்க தோக்கறாரு?"

குவெக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் மூடி மறைக்கும் ரகமில்லை. "இங்க பாரு தங்கச்சி," என்று குரலைத் தணித்தாள். "கரையில ஆயிரம் தடை போடலாம், கடல்ல யாரு கேக்கறா? கப்பல் ஊர்ல நின்னா சூதாட்டக் கூடத்த மூடிடுவாங்க. அதான் நம்ம ஆளுங்க எங்கயும் நிக்காத கப்பலாப் பாத்து எடுப்பானுங்க. நெறைய ஆடறவங்களுக்கு பால்கனி ரூம் ஓசி. வேலையில இருந்தவரைக்கும் அவனுக்கு வெளியூர் வேலைன்னு சொல்ல ஒரு சாக்கு இருந்துச்சு. இப்ப என்ன சொல்லிட்டு வருவான்? அதான் உன்னையும் கூட்டிட்டு வந்துட்டான். எங்க வீட்டுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. போகப் போகப் பழகிடும். சாயங்காலம் நண்டு போடுவாங்க, சீக்கிரம் போனா நல்ல துண்டா கிடைக்கும்."

சொல்லிவிட்டு விதைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் கேலி இல்லை, நிஜமான கரிசனம்தான். அதைத்தான் பீ கியோக்கால் தாங்க முடியவில்லை.

அவன் ஆடியதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஆடுகிறவனோடு குடித்தனம் நடத்திப் பழக்கம் உண்டு. ஜோகூரில் தலை சாய்க்க நல்ல இடம் கிடைத்ததோ இல்லையோ என்று அவள் விழித்துக் கிடந்த ராத்திரிகளில் அவன் இதே கப்பலில் உட்கார்ந்திருந்தான் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் முட்டியைச் சொன்னானே, பாவி. சாக்குக்கு வேறு ஒன்றுமே அகப்படவில்லையா அவனுக்கு? அவள் முட்டியைத்தானா எடுக்கவேண்டும்? மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவு வந்தபோது, அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

ஆட்டக் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே ஜன்னல் ஒன்றும் இல்லை. சிகரெட் புகைக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு நின்ற மேஜையில் தெக் ஹுவா உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு சீட்டு கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். முகம் ஒரு கணம் வெளுத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த தடியன் முந்திக்கொண்டான்.

"இது உன் சம்சாரமா? இதுவரைக்கும் ஆடினதே இல்லையா? அப்ப புதுக் கை, ராசியான கை. அவங்களப் புரட்டச் சொல்லுய்யா."

மேஜையே அதைப் பிடித்துக்கொண்டது. புதுக் கை, புதுக் கை என்று ஆளாளுக்கு விலகி வழி விட்டார்கள். தெக் ஹுவாவின் முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது.

"வா கியோக். கோபத்த அப்புறம் பாத்துக்கலாம். இதத் தொட்டுட்டுப் போ."

"ஹுவா, நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு, கேளு. முதல்ல இது."

அவள் கையைப் பிடித்துச் சீட்டின் மேல் வைத்தான். அவள் விரலைத் தன் விரலால் அழுத்தி, மெல்ல மெல்ல விளிம்பைத் தூக்கினான். மூச்சுக்கூட விடவில்லை. சீட்டு புரண்டது. ஒன்பது. அந்த ஆட்டத்தில் ஒன்பதை மிஞ்ச எதுவும் இல்லை. மேஜை அதிர்ந்தது. தடியன் மேஜையைக் குத்தினான். தெக் ஹுவா எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அவன் அவளைக் கட்டிப் பிடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவன் கண் பளபளத்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. இப்படி ஒரு சந்தோஷம் இவனுக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதில் ஒரு துளிகூட வீட்டுக்கு வந்து சேரவில்லை.

"அடுத்ததும் நீதான் புரட்டணும்," என்றான், உட்கார்ந்துகொண்டே.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை நான் அந்த ஆபீசுக்குப் போகல ஹுவா."

அவன் வென்ற பந்தயச் சில்லுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"எந்த ஆபீஸ்?" என்றான்.