வெண்கலச் சட்டையில் ஒரு பொத்தான்

திறப்பு விழா முடிந்த சில வாரங்களில், விமானிகள் சிலையில் இளையவருக்கு நரை விழுந்தது. உப்புக்காற்று பட்டால் வெண்கலம் வெளுக்கும் என்றார் நகராட்சிப் பொறியாளர். பிறகு தொப்பையும் விழுந்தது. அதற்குக் காற்றைக் குறை சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. சிற்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பழைய புகைப்படத்தையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்து, மூத்தவர் மட்டும்தான் தன் கைவேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனும் தம்பியும் தங்கள் சைக்கிள் கடைக்குப் பின்னால் தாங்களே கட்டிய விமானத்தில், ஊரிலேயே முதன்முதலாகப் பறந்தவர்கள். நன்றாகத்தான் பறந்தார்கள், இறங்கத்தான் இல்லை. நாற்பது வருடமாக இருவரின் மனைவியரும் ஒரே வீட்டில், ஒரே தையல் இயந்திரத்தில் பிழைத்துக்கொண்டு, போனவர்களை இறந்தவர்கள் என்று யாரையும் சொல்லவிடாமல் இருந்தார்கள். சிலையே வேண்டாமென்று சண்டையும் போட்டார்கள். இப்போதோ மூத்தவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இளையவருக்கு மூக்குக்கண்ணாடியே வந்துவிட்டது. ஊர் குழம்பிப்போனது. மூத்தவள்தான் சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் எங்கயோ நல்லா இருக்கார். என்னவர் போய்ட்டார்."

இளையவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூத்தவளையும் கூட்டிக்கொண்டு தினமும் போய், ஏன் வரவில்லை என்று சிலையைத் திட்டினாள். அப்படித் திட்டும்போதுதான் சட்டைப் பொத்தான் ஒன்று குறுக்குத் தையலில் இருப்பதைப் பார்த்தாள். அவரோ ஊசியில் நூல் கோக்கவே தெரியாத மனிதர்.

"யாரோ ஒருத்தி தச்சிருக்கா அக்கா."

"பார்க்காத. வா போலாம்."

அதன்பின் இளையவள் கடைக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போனாள். மழைக்காலத்தில் அதே பொத்தான் அறுந்து தொங்குவதாக பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். வாரங்கள் போயும் யாரும் தைக்கவில்லை. காலரிலும் அழுக்கு ஏறியது. "அவளுக்கு என்ன ஆச்சோ" என்றாள் இளையவள். யாருக்கு என்று மூத்தவள் கேட்கவில்லை, ஏணியை எடுத்தாள்.

வெண்கலத்தில் ஊசி இறங்கியது. இளையவள் நேர்த்தையலாக நாலு சுற்றுச் சுற்றி, குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"இவர் நெஞ்சு சுடுதுக்கா."

மூத்தவள் ஒரு கையால் ஏணியையும் மறு கையால் தன் கணவரின் பாதத்தையும் பிடித்திருந்தாள். "இவருக்குச் சில்லுனுதான் இருக்கு," என்றாள். "நீ நல்லா இறுக்கித் தை."

அன்றிலிருந்து அந்த ஏணி சிலைக்குப் பின்னாலேயே கிடக்கிறது. நகராட்சி எடுக்கச் சொல்லவில்லை.